அக்கா வாங்கிய முழு செட்டு

என் மேசை இழுப்பறையில் கறுத்து இறுகிப்போன ஒரு ரப்பர் துண்டு கிடக்கிறது. வீட்டுக்கு வரும் பிள்ளைகள் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ மிஷின் உதிரி என்று நினைத்துத் திரும்பப் போட்டுவிடுவார்கள். அது வாயில் கவ்விக்கொள்கிற சாமான். தண்ணீருக்கு அடியில் மூச்சு விட உதவும் கருவியின் வாய்ப்பகுதி. பல்லால் கடித்துப் பிடிக்க இரண்டு பக்கமும் சின்னப் பிடிகள் உண்டு. அந்தப் பிடிகளில் இரண்டு பேருடைய பல் தடம் இருக்கிறது. ஒரு பக்கம் அறுந்தே போகிற அளவுக்கு ஆழமாகப் பதிந்திருப்பது என் மாமாவுடையது. ஓரத்தில் லேசாகத் தெரிவது என் அக்காவுடையது. அக்கா வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தண்ணீருக்குள் தலையை முக்கியவள் இல்லை.

மாமா என்று நான் சொல்வது அக்காவைக் கட்டியவரை. ஆம்பூரில் ஒரு டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை அவருக்கு. அதே டேனரியில்தான் நானும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் நடுப்பகுதி அது. சுற்றுவட்டாரத்தில் கிணற்றுக்குக் கிணறு மின்சார மோட்டார் வந்துகொண்டிருந்தது. மோட்டார் குழாயின் அடிமுனையில், கிணற்றுத் தண்ணீருக்குள், ஃபுட் வால்வு என்று ஒன்று இருக்கும். அதில் சருகோ சேறோ அடைத்துக்கொண்டால் மோட்டார் வெறுமனே கத்தும், தண்ணீர் ஏறாது. யாராவது முழுகிப் போய்ச் சுத்தம் செய்ய வேண்டும். மாமா அதில் கெட்டிக்காரர். லாரி டியூபை வெட்டி, கண்ணாடித் துண்டு பதித்து, தாமே ஒரு முகக் கண்ணாடி செய்து வைத்திருந்தார். பள்ளிகொண்டாவிலிருந்தும் நாட்றம்பள்ளியிலிருந்தும் ஆள் தேடி வரும். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவர் ஏதாவது ஒரு கிணற்றில் இருப்பார்.

அக்காவும் கூடவே போவாள். வீட்டில் உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. பொதுவாகவே எங்கேயும் உட்கார முடியாதவள்தான். பீடி சுற்றும்போதுகூட முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கும் அடுப்புக்கும் எழுந்து எழுந்து போவாள். கிணற்றடியில் அவள் செய்ததுதான் வேடிக்கை. மாமா முழுகியதும் இவளும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, கிணற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தன் மூச்சு முடிவதற்குள் அவர் மேலே வந்துவிட்டால் எல்லாம் சரி என்று அவளுக்கு ஒரு கணக்கு. ஊர்ப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பார்கள். மாமா தலையைத் தண்ணீருக்கு மேல் நீட்டியதும் முதலில் அவளைத்தான் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் ஒரே வார்த்தைதான் சொல்வார்.

"மூச்ச வுடு. நான் இங்கதான் இருக்கேன்."

அதன் பிறகுதான் அவள் விடுவாள். நானும் அதைக் கிண்டல் செய்திருக்கிறேன். பள்ளிகொண்டாப் பக்கம் ஒரு கிணற்றில் வேலை இழுத்துக்கொண்டு போன நாளில்தான் கிண்டலை நிறுத்தினேன். மாமா மேலே வந்து பார்க்கிறார், அக்காவைக் காணோம். மூச்சை விடாமலே நின்று, கண் இருட்டி, கிணற்று மேட்டிலேயே விழுந்து கிடந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அவள் அழவில்லை. தோல் மூட்டைகளோடு மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போய்வரும்போதெல்லாம் மாமா ஒரு கதை சொல்வார். முதுகில் காற்று சிலிண்டர் கட்டிக்கொண்டு கப்பலுக்கு அடியில் இறங்குகிற ஆட்களைப் பார்த்த கதை. அதை நினைவில் வைத்துக்கொண்டு அக்கா கேட்டாள்.

"அந்தக் காத்து சிலிண்டரு எங்க விக்குது?"

"அதெல்லாம் நமக்கு எதுக்கு? ஒரு நல்ல கண்ணாடி மட்டும் வாங்கினா போதும்" என்றார் மாமா.

"வாங்கினா முழு செட்டா வாங்கணும். அரைகுறையா வாங்கிட்டு எறங்கினா நீ அரைகுறையாத்தான் திரும்பி வருவ."

அவள் கோபத்தில்தான் அவரை நீ என்பாள். சீட்டு எடுத்தாள். சீட்டுப் பணம் கைக்கு வந்த வாரமே மூன்று பேரும் ரயிலேறினோம். மாமா உற்சாகமாக இருந்தார். அக்கா காட்பாடி தாண்டும்வரை ஜன்னலோரம், அதன் பிறகு கதவோரம், பிறகு மறுபடி ஜன்னலோரம். எனக்கு ஏன் வந்தோம் என்றாகிவிட்டது.

துறைமுகத்துக்குப் பின்பக்கச் சந்து ஒன்றில், கப்பல் ஏலத்தில் எடுத்த சாமான்களை விற்கிற கடை அது. கடைக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். நாங்கள் கேட்டதும் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரப்பினார். முகக் கண்ணாடிகள், வாத்துக் கால் மாதிரி ரப்பர் செருப்புகள், சிலிண்டர், அதன் தலையில் மாட்டுகிற மூச்சுக் கருவி, மடிப்பு மடிப்பாக இரண்டு ரப்பர் குழாய், ஈயக் கட்டிகள் கோத்த இடுப்புப் பட்டை. மாமாவுக்குக் கண் ஜொலித்தது. ஆனால் அவருக்குச் சாமான் பார்க்கத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொன்றையும் தோல் போலவே மடித்துப் பார்த்தார், முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் தேடினார், கட்டைவிரலால் அழுத்திவிட்டுச் சுருக்கம் மறைகிறதா என்று கவனித்தார். கண்ணாடிகளில் மிக மழமழப்பான ஒன்றை எடுத்து, "இதுதான் முதல் தரம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

கடைக்காரர் சிரிக்காமல் சொன்னார். "தரம் இருக்கட்டும். வாரு போடாம மூஞ்சில வச்சி மூக்கால இழுங்க. விழாம நின்னா அது உங்க கண்ணாடி."

முதல் தரம் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மாமாவின் மீசை அந்தக் காலத்தில் பேர்போனது. ரப்பர் விளிம்புக்கும் உதட்டுக்கும் நடுவில் அது நின்றுகொண்டு காற்றை விட்டுக்கொண்டிருந்தது. விஷயம் புரிந்ததும் எல்லார் கண்ணும் அந்த மீசைமேல் போனது. மாமா வேறு எங்கோ பார்த்தார்.

"எதிர்ல ஒரு சலூன் பார்த்தேன்" என்றாள் அக்கா.

அரை மணி கழித்து அடையாளமே தெரியாத ஒருவர் கடைக்குள் வந்தார். கறுத்த விளிம்பு வைத்த ஒரு பழைய கண்ணாடி, பார்க்க அவ்வளவு லட்சணம் இல்லை, அவர் முகத்தில் கப்பென்று உட்கார்ந்தது. அதையே எடுத்தோம். செருப்பும் சிலிண்டரும் சிக்கலில்லாமல் முடிந்தன. ஈயப் பட்டையில்தான் மறுபடி தகராறு. அது காக்கி நிறத்தில் முரட்டுத் துணிப் பட்டை. ஆபத்து என்றால் கொக்கியை ஒரு இழுப்பு இழுத்தால் பட்டை நழுவி ஈயத்தோடு கீழே போய்விடும், ஆள் மேலே வந்துவிடலாம் என்று கடைக்காரர் இரண்டு முறை செய்து காட்டினார். மாமா துணியைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஆம்பூர்லேர்ந்து வந்து துணி பெல்ட்டு கட்டிக்கினு போறதா? கொக்கிய மட்டும் குடுங்க. வாரு நான் போட்டுக்கறேன்."

கடைக்காரர் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அக்கா மூச்சுக் கருவியைக் கையில் எடுத்துவிட்டாள். கடைக்காரர் சிலிண்டரைத் திறந்தார். அவள் முந்தானையால் அந்த ரப்பரைத் துடைத்து, தன் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். சந்தில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்கு அதெல்லாம் இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள், விட்டாள், இழுத்தாள், விட்டாள். உஸ் உஸ் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு நேரம் அவள் ஓரிடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. பிறகு வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இவரு கீழ மூச்சு வுடறது மேல எனக்கு எப்பிடித் தெரியும்?"

"வுடற மூச்செல்லாம் குமிழியா மேல வரும்மா. குமிழி வர்ற வரைக்கும் கவலையில்ல."

காற்று தீர்ந்தால் நிரப்ப மெட்ராசுக்குத்தான் வர வேண்டும். தெருவில் எல்லாருக்கும் அது நல்ல பொழுதுபோக்காகிவிட்டது. ஆம்பூரில் இல்லாத காற்றா என்று கேட்காதவர் பாக்கியில்லை. மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. டேனரியில் தாமே தேர்ந்தெடுத்த எருமைத் தோலில் ஒரு வார் வெட்டி, எண்ணெய் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, ஈயக் கட்டிகளைக் கோத்து, கொக்கியை மாட்டினார். பார்க்க அருமையாகத்தான் இருந்தது. கடையில் வாங்கிய எதன்மீதும் அவருக்கு அந்தப் பெருமை இல்லை.

முழு செட்டோடு அவர் முதன்முதலில் இறங்கியது எங்கள் டேனரிக் கிணற்றில்தான். வெயில் காலம். ஃபுட் வால்வு அடைத்து, தண்ணீர் இல்லாமல் தோல்கள் சுண்ணாம்புத் தொட்டியிலேயே கிடந்தன. இன்னும் ஊறினால் அத்தனையும் பாழ். மேஸ்திரி நிலைகொள்ளாமல் சுற்றிக்கொண்டிருந்தார். மாமாவின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை அக்காவும் நானும் பிடித்துக்கொண்டோம். அவர் இறங்கினார். குமிழிகள் வந்தன. கொத்தாக வரும், நிற்கும், மறுபடி கொத்தாக வரும்.

இனி நிம்மதியாக இருப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பழைய நாட்களைவிட இது அவளுக்கு மோசம் என்று. முன்பு அவளிடம் தன் மூச்சு என்று ஓர் அளவு இருந்தது. அது முடிவதற்குள் அவர் வருவார். இப்போது அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் நடுவில் கயிற்றை மாற்றி மாற்றிப் பிடித்தாள், காலை மாற்றி மாற்றி வைத்தாள். அவளுடைய தவிப்பு கயிறு வழியாக என் கைக்கும் வந்தது.

பிறகு குமிழி நின்றது.

"பாறைக்கு அடியில பூந்திருப்பான். அங்க குமிழி தேங்கிக்கும். பேஜார் பண்ணாத, கொஞ்சம் பொறும்மா" என்றார் மேஸ்திரி.

சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். அக்காவால் பேச முடியாது. அவள் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அசையவில்லை. சட்டென்று அவள் வாய் திறந்தது, மூச்சு சீறிக்கொண்டு வெளியே வந்தது, அதே நொடியில் கயிற்றை இழுக்கத் தொடங்கினாள். "இழுடா" என்று அவள் போட்ட சத்தத்தில் நானும் இழுத்தேன். மேஸ்திரியும் ஓடிவந்து பிடித்தார். கல்லை இழுப்பது போலக் கனத்தது.

மேலே வந்த மாமாவுக்கு நினைவில்லை. மூச்சுக் குழாய் பிய்ந்து தொங்கியது. அந்த ரப்பர் துண்டு மட்டும் பல்லிடுக்கில் இருந்தது. வாயைத் திறக்கவைத்து அதை எடுக்க வேண்டியிருந்தது. ஈயப் பட்டையை அவிழ்க்கப் பார்த்தேன். கொக்கி நகரவில்லை. தோல் தண்ணீரில் ஊறி உப்பி, கொக்கிக்குள் இறுகிப் போயிருந்தது. தோல் சீவுகிற கத்தியைக் கொண்டுவந்துதான் அறுத்தார்கள். குப்புறப் போட்டு முதுகை அழுத்தியதும் தண்ணீர் கக்கினார். பிறகு இருமினார். அந்த இருமல் சத்தத்தைப் போல இனிமையான ஒன்றை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பேச்சு வந்த பிறகு அவர் சொன்னது இதுதான். வால்வோடு மல்லுக்கட்டியதில் காற்று சீக்கிரமே தீர்ந்துவிட்டது. மேலே வர ஈயப் பட்டையை இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். கயிற்றை ஒரு சுண்டு சுண்டியிருந்தால் போதும், நாங்கள் தூக்கியிருப்போம். அது அவருக்குத் தோன்றவே இல்லை. கை பட்டையை விட்டு வரவில்லை. ஊறவைத்தால் தோல் உப்பும் என்பது தினமும் தொட்டியில் அவர் பார்க்கிற விஷயம். தான் பார்த்துப் பொறுக்கிய தோல் தன்னைக் கைவிடாது என்றுதான் கடைசிவரை நம்பியிருக்கிறார். வேறு ஊர்க்காரனாக இருந்தால் துணிப் பட்டையைக் கட்டிக்கொண்டு பேசாமல் போயிருப்பான்.

செட்டை விற்றுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் மெட்ராசுக்குப் போய்த் துணிப் பட்டை வாங்கி வந்தாள். வாய்ப்பகுதியும் புதிது; பழையது என்னிடம் தங்கிவிட்டது. ஆனால் குமிழியை அதன் பிறகு அவள் நம்பவில்லை. மாமா உள்ளே போனதும் பழையபடி மூச்சைப் பிடிப்பாள். முடிந்ததும் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவாள். அவர் திருப்பிச் சுண்ட வேண்டும். உடனே அடுத்த மூச்சு. இப்படியே வேலை முடியும்வரை. "கீழ ஒரு வேலை பாக்க வுடறாளா? சுண்டிக்கினே இருக்கறா" என்று அவர் அலுத்துக்கொள்வார். ஆனால் ஒரு தடவைகூடத் திருப்பிச் சுண்டாமல் இருந்ததில்லை. பிறகு போர்வெல்கள் வந்தன, கிணறுகள் வற்றின, செட்டும் எங்கோ போய்விட்டது.

அக்காவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. பீடித் தூள் நெஞ்சில் வேலை காட்டிவிட்டது என்கிறார்கள் டாக்டர்கள். வீட்டிலேயே கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மிஷின் வைத்திருக்கிறார்கள். மிஷினின் முன்பக்கம் ஒரு சின்னத் தண்ணீர்ப் பாட்டில். காற்று அதன் வழியாகக் குமிழி விட்டுக்கொண்டுதான் அவள் மூக்குக்குப் போகிறது. போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். அந்த ரப்பர் துண்டையும் சட்டைப் பையில் எடுத்துப் போயிருந்தேன், காட்டினால் சிரிப்பாள் என்று. எங்கேயும் உட்காராத அக்கா அசையாமல் படுத்திருந்தாள். உட்கார முடியாமல் தவித்தவர் மாமாதான். நாற்காலி நுனியில் இருந்துகொண்டு, ஒரு கையால் அவள் கையைப் பிடித்தபடி, அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை மறுபடி வளர்ந்து முழுக்க வெளுத்திருந்தது.

பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. மிஷின் நின்றது. பாட்டிலில் குமிழியும் நின்றது. மூலையில் இருந்த சிலிண்டரை உருட்டிவந்து, குழாயை மாற்றினேன். எப்படியோ திறந்துவிட்டுத் திரும்பினேன். மாமா நாற்காலியைவிட்டு எழுந்து நின்றிருந்தார். அவருடைய கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கண் அக்காவின் முகத்தைவிட்டு அகலவில்லை. பையில் இருந்த ரப்பரைக் கை தானாகத் தேடிப் பிடித்துக்கொண்டது.

அக்கா கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். அவர் பிடித்திருந்த கையை மெல்ல ஒரு சுண்டு சுண்டினாள்.

"மூச்ச வுடுங்க" என்றாள். "நான் இங்கதான் இருக்கேன்."