மீன்கொட்டிலில் ஒரு பிள்ளையார் கலண்டர்

தமிழ்க் கடையில் இனாமாகக் கொடுக்கும் கலண்டரை நான் எப்போதும் இரண்டாகக் கேட்டு வாங்குவேன். ஒன்று எங்கள் குசினிச் சுவருக்கு. மற்றது வடக்கே, நாள் முழுக்க வாகனம் ஓடினால்தான் எட்டக்கூடிய ஓர் ஏரிக்கரை மீன்கொட்டிலுக்கு. அங்கே மருந்துக்கும் ஒரு தமிழர் இல்லை. "உது ஆருக்கு அக்கா?" என்று கடைக்காரர் வருடாவருடம் கேட்பார். சிஸ்டருக்கு என்பேன்.

சிஸ்டர் மன்னாரில் பிறந்து கன்னியாஸ்திரீ ஆனவர். தொண்ணூறுகளில் அந்த ஏரிக்கரைக் கோயிலுக்கு அனுப்பப்பட்டார். ஊரே கத்தோலிக்கம், ஊருக்கே மீன்தான் தொழில். மீன் வாங்கிப்போன வியாபாரி வருவதை நிறுத்தியதும் சனங்கள் வீட்டைப் பூட்டிப் பட்டணம் போகத் தொடங்கினார்கள். உயிர்த்த ஞாயிற்றுக்குள் வேறு வழி பிறக்காவிட்டால், மீன் சேர்த்து அனுப்பும் கொட்டிலை மூடுவது என்று முடிவாயிற்று. கொட்டில் போனால் கோயிலும் போகும். மனுசி சும்மா இருப்பாரா? தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஒரு மீனவரின் லொறியில் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, பட்டணத்து நடுவே, சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டடத்து வாசலில் வந்து இறங்கினார். மாடிக்கு மாடி தமிழ்ச் சனம் இருந்த இடம். மீன் பறக்கும் என்று நம்பியிருந்தார்.

பறக்கவில்லை. கத்தோலிக்க வேதக்காரச் சனம் ஓடிவந்து பெட்டியைத் திறந்து முகத்தைச் சுளித்தது. தோலுரித்து, முள்ளெடுத்து, தலையை வெட்டி எறிந்த வெறும் சதைத் துண்டுகள். வடக்கே அதுதான் மரியாதையான மீன். தலை இல்லாமல் என்ன குழம்பு என்று ஓர் அன்ரி கேட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கள் சைவ சமயச் சனமோ கிட்டவும் வரவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. பொறுக்கமாட்டாமல் போய்ச் சொன்னேன்.

"சிஸ்டர், வெள்ளிக்கிழமையிலை எங்கடை வீடுகளிலை மீன்சட்டி அடுப்பிலை ஏறாது."

நெற்றியில் கை வைத்தார். வெள்ளி என்றால் இறைச்சி இல்லை, மீன்தான் என்பது மடத்தில் ஊறிப்போன பழக்கம். "சைவச் சனத்தோடை ஒரே ஒழுங்கையிலை, அடுத்தடுத்த வீட்டிலை வளந்தனான், தங்கச்சி. உதை எப்பிடி மறந்தன்?" என்றவர், விற்காத பெட்டிகளுக்கு நடுவே நின்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

எங்கள் குசினியில் பிளேன்ரீ குடித்தபடி, இனிச் சனிக்கிழமைதான் லொறி என்று சொல்லிச் சுவர்க் கலண்டரைக் கேட்டு வாங்கினார். சனியில் வந்து விழும் சதுர்த்தி, அமாவாசை, புரட்டாதிச் சனி, பிறகு கந்தசஷ்டி என்று மீன் விலைப்படாத நாளெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். கூடவந்த மீனவர் கலண்டரில் இருந்த பிள்ளையாரின் யானைமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் என்ன விளக்கம் சொன்னாரோ, மனிதர் தொப்பியைக் கழற்றினார்.

அடுத்த லொறி சனிக்கிழமை வந்தது. தலையோடும் செதிலோடும் முழு மீன்! வேதமும் சைவமும் ஒரே வரிசையில் இடிபட்டன. வேதக்காரர் வரும் வெள்ளிக்கென்று பிரீசரிலும் வைத்தார்கள். லிஃப்டெல்லாம் மீன் நாற்றம் என்று கட்டடத்தைப் பார்க்கும் சுப்பிரிண்டன் கத்தினார், யார் கேட்டார்கள்? மத்தியானத்துக்குள் லொறி வெறுமை. தங்கள் ஊரில் நாய்க்குப் போடும் தலைக்கா இவ்வளவு சண்டை என்று மீனவர் வாய் பிளந்தார்.

சனிக்குச் சனி லொறி வந்தது. உயிர்த்த ஞாயிறன்று சிஸ்டர் போன் எடுத்தார். பின்னால் மணிச்சத்தம்.

"கேக்குதோ தங்கச்சி? கோயில் மணி. கொட்டில் பூட்டேல்லை."

ஓம் என்றேன். சந்தோசத்தில் அழுகை வந்துவிட்டது.

சிஸ்டர் இப்போது அந்தக் கோயில் வளவிலேயே உறங்குகிறார். நான் பட்டணத்து ஓரத்தில், ரூஜில் பெரிய வீட்டில் இருக்கிறேன். இந்த வருடமும் கலண்டர் அனுப்பினேன். வயது போன புத்தி, வட்டம் போட மறந்துவிட்டேன். ஒரு கிழமைகூட ஆகவில்லை, மீனவரின் மகள் போன் எடுத்துவிட்டாள். கொட்டிலை இப்போது அவள்தான் நடத்துகிறாள். வட்டங்களைக் காணோமே, எத்தனை வலை போடுவது என்று ஆங்கிலத்தில் அவசரப்பட்டாள். அந்த அவசரத்துக்கு நடுவிலும் ஒரு சொல் மட்டும் அவள் வாயில் பிசகாமல் வந்தது, கந்தசஷ்டி. நான் சிவப்புப் பேனையைத் தேடிப் போனேன்.