ஈசானிய மூலையில் அடுக்களை

சாந்தோம் கடற்கரையில் மாலை வேளையில் அமர்ந்திருப்போர் அனைவரும் கதிரவனுக்கு முதுகைக் காட்டியே அமர்ந்திருக்கின்றனர். சென்னைக்கு வந்த முதற் கிழமையில் நானும் என் மனைவியும் அவர்களிடையே சென்று அமர்ந்து, ஞாயிறு கடலில் இறங்கும் காட்சிக்காகக் காத்திருந்தோம். கடல்தான் கருத்துக்கொண்டே போயிற்று. திரும்பிப் பார்த்தபோது, எமக்குப் பின்னே வீட்டு மாடிகளுக்கு அப்பால் அது எவரும் வழியனுப்பாமலே மறைந்துவிட்டிருந்தது. கொழும்பின் காலிமுகத்திடல் கடற்கரையில் நாற்பது ஆண்டுகளாக மேற்குக் கடலையே பார்த்துப் பழகிய கண்களுக்கு இது ஒரு சிறு வேடிக்கையாகவே தோன்றியது. அதே பழக்கம் என் கையிலும் ஒளிந்திருந்ததை அன்று நான் அறியேன்.

கொழும்பிலிருந்து இளைஞர் மூவர் எனக்கு மடல் எழுதியுள்ளனர். சென்னைக்கு வந்து கட்டடக்கலைத் தொழில்நுட்பம் பயின்றால் வாழ வழி பிறக்குமா என்பது அவர்கள் வினா. வேலைக்குக் குறைவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடையாற்றில் தென்னந்தோப்புகள் மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. தியாகராய நகரில் கடைகள் மாடிமேல் மாடியாக உயர்கின்றன. ஒவ்வொரு கட்டடக் கலைஞருக்கும் வரைகின்ற கைகள் தேவைப்படுகின்றன. ஆயினும் கைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. சான்றிதழ் பெற்ற படவரைஞர் தம் பெயரை வரைபடத்தில் இடலாம். அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். இப்போது வளைகுடா நாடுகளுக்கு ஆள் எடுப்போரும் முதலில் கேட்பது அத்தாளைத்தான். அஃது இல்லாதவர் எத்துணைத் திறமை உடையவராயினும், பிறர் பெயரின் கீழ் வரைந்துகொண்டே முதுமை எய்தலாம்.

எனக்கு இருபத்திரண்டு ஆண்டுப் பட்டறிவு இருந்தது. கொழும்புச் சான்றிதழும் இருந்தது. அடையாற்றில் ஒரு தொழில்நுட்பப் பயிலகத்தின் எழுத்தர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"இது சிலோன் பேப்பர் சார். இங்க செல்லாது. ஃபாரின்காரங்களுக்குத் தனி ஃபாரம்."

நான் இந்தியக் குடிமகன் என்றும், அதனாலேயே இரு நாட்டு ஒப்பந்தப்படி இலங்கை எம்மை இங்கு அனுப்பிவைத்தது என்றும் விளக்கினேன்.

"இந்தியாக்காரர்னா சிலோன்ல எதுக்கு சார் போய்ப் படிச்சீங்க?" என்றார் அவர், உண்மையாகவே விளங்காமல்.

இறுதியில், மாலை நேர வகுப்பில் முதலிலிருந்து பயில ஒரு வழி இருப்பதாகச் சொன்னார். உள்ளூர்க் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் பணியாற்றுவதாக அவர் கைப்பட ஒரு சான்றுரை வேண்டும். நாற்பத்தைந்து வயதைக் கடந்தோர் சேர இயலாது. எனக்கு நாற்பத்து நான்கு முடிந்து பத்துத் திங்கள் ஆகியிருந்தன.

தியாகராய நகரில் அலுவலகம் வைத்திருந்த வரதன் என்னும் கட்டடக் கலைஞர் என்னைப் பயிற்சிநிலையில் ஏற்றார். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர், சுருங்கப் பேசுபவர். "ஒரு ஆத்துக்கு நீங்களே முழுசா பிளான் போடுங்கோ. கட்டறவர் ஒத்துண்டா லெட்டர்ல கையெழுத்துப் போட்டுத் தரேன்" என்றார். அடையாற்றில் ஒரு மனை, தெரு தெற்கே. துணிக்கடை நடத்தும் சண்முகவேல் என்பவருக்கு உரியது. திருநெல்வேலிப் பக்கத்தவர்.

பன்னிரண்டு நாள் வரைந்தேன். டிரேசிங் தாள் என்று இங்கும் அங்கும் ஒரே பெயரால் வழங்கும் அந்த ஒளி ஊடுருவும் தாளில் மையிட்டு, அறைகளின் பெயர்களை ஆங்கிலத்தில் அச்செழுத்துப் போல எழுதி, கீழ்மூலைக் கட்டத்தில் என் பெயரையும் சிறிதாகப் பொறித்தேன். கொழும்பில் என் முதல் தலைவராக இருந்த சிங்களப் பெரியவர் சன்னலோரம் நின்று சுருட்டைப் பற்றவைப்பார். கடற்காற்று தென்மேற்கிலிருந்து வந்து புகையை வடகிழக்கே இழுத்துச் செல்லும். "புகை போகிற மூலையில் அடுக்களையை வை, காற்று வருகிற மூலையில் உறங்க வை" என்பார். வேறு பாடம் எதுவும் அவர் எனக்கு நடத்தியதில்லை. அப்பாடம் என் மூளையில் தங்கியிருந்தால் கடல் கிழக்கிலுள்ள இங்கு வந்ததும் அதை ஐயுற்றிருப்பேன். அது கையில் அன்றோ தங்கியிருந்தது!

சண்முகவேல் தாளின்மேல் குனிந்தார். பின்னர் வடகிழக்கு மூலையில் விரலை ஊன்றினார்.

"என்னய்யா இது? ஈசானியத்துல கொண்டுபோயி அடுப்ப வச்சிருக்கீய? சாமி இருக்க வேண்டிய எடம்லா? படுக்கிற ரூம்பு ரெண்டும் மேக்க. வெயில்ல வெந்துல்லா சாவணும்!" என்று நிமிர்ந்தவர், என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க தமிழாள்தானே?"

நாள்தோறும் திருமுறை ஓதுபவன் நான். ஈசானியம் எதுவென்று அறியாதவன் அல்லன்.

அடுத்த மேசையில் பட்டினப்பாக்கத்து மீனவர் குடும்பத்தில் பிறந்த தாஸ் என்னும் படவரைஞர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இன்னா சிலோன் சார், சமுத்திரத்தத் தூக்கி மேக்கால கோடம்பாக்கத்தாண்ட வச்சிட்டியே! எங்காளுங்கோ இனிமே மீன் புடிக்க ரயில்ல போவணும் போலகீது!"

வரதன் சிரிக்கவில்லை. சண்முகவேல் வேறிடம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு சன்னலை ஒட்டிய வாசற்பக்கமாக நடந்தார். இனி இத்தாளால் பயன் என்ன என்று, கிழித்தெறியும் எண்ணத்துடன் அதை இரு கைகளாலும் தூக்கினேன். சன்னல் வெயில் அதனூடே பாய்ந்தது. தாளின் மறுபுறம் நின்றிருந்த சண்முகவேல் அப்படியே நின்றுவிட்டார்.

"பொறுங்க, பொறுங்க. ஆட்டாதீய. இப்பம் அடுப்பு வடமேக்க, வாயு மூலைக்கு வந்துட்டுல்லா! படுக்கிற ரூம்பு கிழக்க வந்துட்டு. காத்து பிச்சிக்கிட்டு வருமே! இது நல்லாத்தானே இருக்கு!"

வரதன் எழுந்துபோய் அவர் அருகில் நின்று பார்த்தார். இருவரும் அங்கிருந்தே பேசி முடித்தனர். தாளைத் தாங்கி நின்ற எனக்கு அவர்களின் நிழல் மட்டுமே தெரிந்தது. "அப்படியே திருப்பிப் போட்டுடுங்கோ சார், எழுத்தை மட்டும் சுரண்டிட்டு மாத்தி எழுதினாப் போறும்" என்றார் வரதன். சண்முகவேல் மகிழ்வோடு விடைபெற்றார்.

சான்றுரையைப் பற்றி நான் கேட்டேன். கெஞ்சினேன் என்று எழுதுவதே முறை.

"அவர் ஒத்துண்டது நீங்க போட்ட பிளானை இல்லையே சார். அதோட முதுகைன்னா ஒத்துண்டார்! இந்த ஊர்த் திசை உங்க கையில படியட்டும். அடுத்த வருஷம் பார்ப்போம்."

அடுத்த ஆண்டு எனக்கு வயது கடந்துவிடும் என்றேன்.

"வயசாறதுக்கு நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்கோ" என்றார். அதில் கடுமை இல்லை. அவர் சொன்னதில் பிழையும் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருக்கிறது. நாளையோடு பயிலகத்தில் விண்ணப்பம் பெறும் கெடு முடிகிறது.

மடல் எழுதிய இளைஞர்களே, நீங்கள் வருவதானால் இருபது வயதில் வாருங்கள். கை எதையும் கற்றுக்கொள்ளுமுன் வாருங்கள். இதற்குமேல் உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நண்பகல் உணவு இடைவேளையில் இதை எழுதுகிறேன். திருப்பிப் போட்ட தாள் மேசைமேல் விரிந்திருக்கிறது. ஒவ்வோர் அறையின் பெயரையும் பிளேடால் சுரண்டி, இப்புறத்தில் மீண்டும் எழுதி முடித்துவிட்டேன். வடக்கைக் காட்டும் அம்புக்கு மட்டும் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை. எஞ்சியிருப்பது மூலைக் கட்டத்தில் உள்ள என் பெயர். பயிற்சிநிலையில் உள்ளோர் பெயரை இடுவதில்லை என்பதால் அதையும் நீக்கச் சொல்லியிருக்கின்றனர். "வுட்டுடு சார், திரும்பிக்கினுதானே கீது? யாரு படிக்கப் போறா?" என்கிறார் தாஸ், இம்முறை சிரிக்காமல். தாளின் விளிம்பைத் தூக்கிப் பார்க்கிறேன். என் பெயரைப் படிக்க முடிகிற பக்கத்தில் வீடு பிழையாக இருக்கிறது. வீடு சரியாக இருக்கிற பக்கத்தில் என் பெயரை என்னாலேயே படிக்க முடியவில்லை. அச்செடுக்க ஆள் வந்து நிற்கிறார். பிளேடு இன்னும் என் கையில்தான் இருக்கிறது.