அமுக்கம் பற்றி நான் சொல்லாமல் விட்டது

எனக்கு வாய் நீளம். துறைமுகப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு மண்டபத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறேன். "சேருக்குத் தெரியாதது ஒண்டுமில்லை" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன்.

அன்று பரவல் பாடம். ஒரு கிளாஸில் சுடுதண்ணீர், இன்னொன்றில் ஐஸ் தண்ணீர். இரண்டிலும் ஒவ்வொரு கொண்டிஸ் துகள், அதுதான் பொட்டாசியம் பெர்மாங்கனேற்று, போட்டேன். சுடுதண்ணீரில் ஊதா நிறம் மளமளவென்று விரிந்தது. குளிர்ந்ததில் அடியிலேயே கிடந்தது. வெப்பநிலை கூடினால் மூலக்கூறுகளின் ஓட்டம் கூடும், பரவலும் கூடும் என்று முடித்தேன்.

கட்டைபறிச்சானிலிருந்து பஸ்ஸில் வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். எப்படியாவது ஓர் ஆய்வுகூடத்தில் வேலை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை, எல்லோருக்கும் தெரியும்.

"சேர், அமுக்கத்தைக் கூட்டினா? எண்ணெயை நல்லா அமுக்கினா மூலக்கூறெல்லாம் நெருங்கிடும்தானே. சனம் நெருங்கின பஸ்ஸில அங்கால இங்கால அரக்க ஏலாது. அப்ப பரவல் குறையாதோ?"

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

"பிள்ளை, வாயுவைத்தான் அமுக்கலாம். திரவத்தை அமுக்க ஏலாது, ஒரு மாற்றமும் வராது. நீர் பௌதிகத்தையும் பஸ்ஸில ஏத்திப்போட்டீர்" என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் முகம் கறுத்து உட்கார்ந்தாள்.

பின்னேரம் வீட்டில் புத்தகத்தைப் புரட்டினேன். அவள் கேட்டதுதான் சரி. பெரிய அமுக்கத்தில் திரவ மூலக்கூறுகளும் நெருங்கும், நகர இடம் குறையும், பரவல் மெதுவாகும். தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாது. எண்ணெயில் நன்றாகவே தெரியும். அடுத்த வகுப்பில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வகுப்பில் அவள் முன்வரிசையில்தான் இருந்தாள். பாடத்திட்டத்தில் இல்லாத விஷயம்தானே என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லி விட்டுவிட்டேன். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். அதன்பிறகு அவள் கேள்வியே கேட்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதை எழுதவே கூசுகிறது.

இரண்டு வருடம் கழித்து, போன மாதம், வினாத்தாள் அடிக்கப் போன போட்டோ கொப்பிக் கடையில் மெசினுக்குப் பின்னால் அவள் வேலைக்கு நின்றாள். பழைய மரியாதை குறையாமல் சிரித்தாள்.

"சேர், எண்ணெய் பரிசோதிக்கிற லாப் ஒண்டுக்கு இன்டர்வியூவுக்குப் போனனான். அமுக்கம் கூடினா எண்ணெயில பரவலுக்கு என்ன நடக்கும் எண்டு கேட்டவை. குறையும் எண்டுதான் வாயில வந்தது. பிறகு நீங்கள் சொன்னது ஞாபகம் வந்து, மாற்றமில்லை எண்டனான். அவையள் சிரிச்சவை. வேலை கிடைக்கேல்லை. ஆனா, நீங்கள் சொன்னது சரிதானே சேர்?"

அவள் என்னை நம்பித்தான் கேட்டாள்.

"பிழை பிள்ளை. நீர் அண்டைக்குக் கேட்டதுதான் சரி."

"உங்களுக்கு எப்ப தெரியும் சேர்?"

"அண்டைக்குப் பின்னேரமே."

அவள் என் பிரதிகளை ஒழுங்காக அடுக்கி நீட்டினாள். பிறகு எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்து, "உங்களுக்கு எத்தனை கொப்பி?" என்று கேட்டாள்.