வேலி தாண்டி வந்த ராசா

லிஃப்ட் பழுது பார்ப்பது அவருக்குப் பிழைப்பு. பழைய நாட்டுப்புறப் பாட்டு இசைத்தட்டுகள் என்றால் உயிர். தட்டு சேர்க்கிற கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் ‘ஊசி’. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் உடனே திரும்புவார்.

பன்னிரண்டு வருடமாக அவர் தேடிய தட்டு ஒன்று, ஒரு பழைய சாமான் கடையில், உடைந்த இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் கிடைத்தது. உறையின் ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. யாரோ ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்த பாட்டுகள். கடைசிப் பாட்டுக்கு நேரே ‘பாடியவர்கள்: இரு பெண்கள்’ என்று மட்டும் அச்சாகியிருந்தது.

‘வேலி தாண்டி வந்த ராசா, வெட்டவெளி ஆக்கிட்டானே’ என்று ஒரு குரல் எடுக்கும். கடைசிச் சொல்லை இன்னொரு குரல் வாங்கி, மேலே இழுத்து, சட்டென்று அறுக்கும். நடுவில் ஓர் இடத்தில் முதல் குரல் தடுமாறும். ஊசி கிறங்கிப்போனார். சேகரிப்பாளர்களின் பத்திரிகையில் மூன்று பக்கம் எழுதினார்: படையெடுத்து வந்த மன்னனிடம் நாட்டை இழந்தவர்களின் ஒப்பாரி இது, முந்நூறு வருடமாவது இருக்கும், அந்தத் தடுமாற்றம் நெஞ்சைப் பிளக்கும் விம்மல். அவருடைய மனைவி படித்துவிட்டு, “பாவம், அந்தக் காலத்து ஜனங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கடுத்த மாதம் ஆஸ்பத்திரி லிஃப்ட் நின்றுபோனது. ஊசி குழிக்குள் இறங்கிக் கம்பிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மருந்து கவுன்ட்டரிலிருந்து ஒரு பெண் டோக்கன் கூப்பிட்டார். “நூத்திப் பதினேழே...” மேலே இழுத்து, சட்டென்று அறுத்தது அந்தக் குரல். ஊசியின் கையிலிருந்து ஸ்பானர் நழுவியது.

கிரீஸ் கையோடு கவுன்ட்டருக்கு ஓடினார். ரிட்டயர் ஆகும் வயதில் இருந்த அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார்.

“டோக்கன் எங்க சார்?”

“டோக்கன் இல்லைங்க. நீங்க சின்ன வயசுல ஒரு ராசாவைப் பத்திப் பாடியிருக்கீங்களா?”

“சார், உங்களுக்குப் பின்னாடி முப்பது பேர் நிக்கறாங்க.”

வேறு வழியில்லாமல் ஊசி அந்த வரியைப் பாடியே காட்டினார். அவருக்குப் பாட வராது. வரிசையே சிரித்தது. அந்தப் பெண் மட்டும், எண்ணிக்கொண்டிருந்த மாத்திரை அட்டையோடு அப்படியே நின்றுவிட்டார்.

“அது எங்க அக்கா பாட்டாச்சே. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவும் தங்கையும் ஊசியின் வீட்டுக்கு வந்தார்கள். முட்டிவலிக்காரியான அக்கா, தங்கையின் தோளைப் பிடித்தபடியே நடந்தார். என்றோ இரண்டு பேர் மிஷினோடு வந்து பாடச் சொல்லிப் பதிந்துகொண்டு போனார்களாம். அது தட்டாக வந்த சங்கதி இருவருக்கும் தெரியாது.

தட்டிலிருந்து தன் பதினாறு வயதுக் குரல் எழுந்ததும் அக்கா தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தத் தடுமாற்றம் வந்த இடத்தில் அவர் திடீரென்று துள்ளினார்.

“ஏய்! இங்கதான்டி என்னைக் கிள்ளினே!”

“நீ வரியை மறந்துட்டு முழிச்சே. கிள்ளாம என்ன செய்ய?”

ஊசி அக்கா பக்கம் திரும்பினார். “அம்மா, இந்த ராசா... எந்த நாட்டு ராசா?”

“நாடா? பக்கத்து வீட்டு ஆடு தம்பி. அதுக்கு ராசான்னு பேரு. எங்க கீரைப் பாத்தியை மிச்சமில்லாம மேஞ்சுட்டுது. காவலுக்கு இருந்தவ நான், அடி எனக்குத்தான் விழுந்துது. அழுதுக்கிட்டே கட்டின பாட்டு.”

ஊசியின் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினார்.

ஊசி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அடுத்த இதழிலேயே ‘ராசா ஓர் ஆடு’ என்று நான்கு பக்கம் எழுதி, பாட்டைக் கட்டியவர், பாடியவர்கள் என்று இரண்டு பெண்களின் பெயரையும் போட்டார். கூட்டாளி ஒருவர் போன் செய்து, ஒன்றும் பேசாமல் “ம்மே” என்று மட்டும் கத்திவிட்டு வைத்தார்.

தட்டை அக்காவிடமே கொடுத்துவிடவும் துணிந்தார். அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “எங்ககிட்ட மிஷினுமில்ல, வைக்க இடமுமில்ல. இங்கேயே இருக்கட்டும். நாங்க வந்து கேட்டுக்கறோம்.”

சொன்னபடியே வருகிறார்கள். இப்போதெல்லாம் அக்கா தன் பாட்டைக் கேட்பதில்லை; மற்ற தட்டுகளைப் போடச் சொல்கிறார். “இவளுக்கு மூச்சு பத்தல” என்கிறார். “இந்தப் பொண்ணு சிரிப்பை அடக்கிக்கிட்டுப் பாடுது தம்பி, எதிர்ல யாரோ சேட்டை பண்றாங்க.” ஊசி நோட்டை எடுத்து, ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொள்கிறார்.