ஒன்பதாம் வகுப்பில் மாற்றினோம்

இங்கே காலையில் பிள்ளைகள் தாமாகவே நடந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். வேன் இல்லை, டை இல்லை, யூனிஃபார்மும் இல்லை. ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்துவிட்டு நான் அந்தத் தெரு வழியாகத்தான் வீட்டுக்குத் திரும்புகிறேன். ஜெர்மனிக்கு நர்ஸாக வந்து நாலு வருடம் ஆகப்போகிறது. இன்றைக்கும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால், இது யார் வீட்டுப் பிள்ளை, தகப்பனுக்கு என்ன வரும்படி என்று என் கண் தேடுகிறது. ஒன்றும் பிடிபடுவதில்லை. எங்கள் வார்டு டாக்டரின் மகளும், அதே வார்டில் தரை துடைக்கிற துருக்கிப் பெண்ணின் மகனும் ஒரே வாசலில் நுழைகிறார்கள். கடலூராக இருந்தால் சட்டையின் நிறத்தை வைத்தே நம் ஜனங்கள் குடும்ப ஜாதகத்தை எழுதிவிடுவார்கள்.

என் வீட்டுக்கு மேல்மாடியில் ஃப்ராவ் கெல்லர் என்ற அம்மா இருக்கிறார். மகன் இரண்டாம் வகுப்பு. ஒருநாள் மாடிப்படியில் பேச்சுவாக்கில், "இவனை எப்போது வேறு பள்ளிக்கு மாற்றப்போகிறீர்கள்?" என்று கேட்டுவைத்தேன். அந்த அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. "நாங்கள் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று யாராவது சொன்னார்களா?" என்றார். அவருக்குத் தெரிந்தவரை பள்ளி மாறுவதென்றால் வீடு மாறுவது. எனக்குத் தெரிந்த ஜெர்மனில், இது அரசாங்கப் பள்ளிக்கூடம்தானே, தனியார் பள்ளிக்கு எப்போது என்று விளக்கினேன். "ஏன், இந்தப் பள்ளிக்கு என்ன?" என்று கேட்டார். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன். இங்கேயும் நாலாம் வகுப்போடு பிள்ளைகளைத் தரம் பிரிக்கிறார்கள், அதற்கும் தாய்மார்கள் கண்ணைக் கசக்குகிறார்கள். இது ஒன்றும் மோட்சமில்லை. ஆனால் பிள்ளையின் பள்ளிக்கூடத்தை வைத்துத் தாயை அளக்கும் பழக்கம் இவர்களிடம் இல்லை.

என் மகள் செலின் கடலூரில் அரசு மகளிர் பள்ளியில் தமிழ் வழியில் படித்தாள். நான் கிளம்பும்போது ஆறாம் வகுப்பு. படிப்பில் கெட்டி. "நீ ஊசி போடு, நான் எழுதிக் குடுக்கிறேன்" என்று என்னைக் கேலி செய்வாள். டாக்டராக வேண்டும் என்பது அவளுக்கு விளையாட்டுப் பேச்சில்லை.

நம்மூரில் பிள்ளையை எப்போது தனியாருக்கு மாற்றுவது என்பதற்கு ஆளுக்கொரு பஞ்சாங்கம் இருக்கிறது. எல்கேஜியிலேயே போட்டவர் விவரமானவர். முடியாதவர் ஆறில் மாற்றலாம். அதையும் தவறவிட்டால் ஒன்பது, ஏனென்றால் தனியாரில் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தை ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் இங்கே வந்த பிறகு இந்தப் பஞ்சாங்கம் முழுவதையும் என் வீட்டுக்காரர் சவரியின் தலையில் கொட்டினார்கள். அவர் திருப்பாதிரிப்புலியூரில் பெயின்ட் கடையில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் அவர் நிம்மதியாக நிற்க முடியவில்லை. சிதம்பரத்தில் இருக்கும் அவருடைய அக்கா ஸ்டெல்லா அண்ணி ஒருநாள் போனில் பொரிந்து தள்ளினார்.

"தம்பி, ரீட்டா ஜெர்மனில சம்பாரிக்கிறா. புள்ள இன்னும் இலவசப் பைய தூக்கிக்கினு போவுது. கேக்கறவங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

வேண்டாம் என்று சொன்னவர் அமலி டீச்சர் ஒருவர்தான். செலினின் வகுப்பாசிரியை. எனக்கே போன் செய்தார்.

"ரீட்டா, அவசரப்படாதம்மா. ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்சாத்தான் டாக்டர் சீட்டுல நம்ம புள்ளைங்களுக்குன்னு தனி ஒதுக்கீடு. நடுவுல ஒரு வருஷம் வெளிய போயிட்டாலும் போச்சு."

தெரியாமல் செய்தோம் என்று சொல்ல வழியில்லை. "ஒதுக்கீட்டுல வந்த டாக்டர்னு சொல்லுவாங்க, நம்மகிட்ட காசு இல்லாமயா?" என்றார் சவரி. அது இல்லாதவர்களுக்கு உள்ளது, யூரோ சம்பளம் வாங்கிக்கொண்டு நாம் எப்படி அதில் கைவைப்பது என்று நான் பேசினேன். அதில் பாதி நியாயம், பாதி கௌரவம். செலினைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எட்டாவது முடிந்ததும் ஸ்டெல்லா அண்ணி வீட்டில் தங்கவைத்து, சிதம்பரத்திலேயே ஓர் ஆங்கில வழி மெட்ரிக் பள்ளியில் சேர்த்தோம்.

அங்கே ஆடி மாதத்திலேயே பத்தாம் வகுப்புப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்கள். ஒளிச்சேர்க்கையைத் தமிழில் தலைகீழாகச் சொன்ன பிள்ளை ஃபோட்டோசிந்தசிஸில் தடுக்கி விழுந்தாள். போனில் கேட்டால் "நல்லாருக்கேன்மா" என்பாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வருடம் ஓட்டினேன்.

மே மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது பள்ளியில் கூப்பிட்டார்கள். அண்ணியும் கூட வந்தார். தாளாளர் தன்மையாகத்தான் பேசினார்.

"மேடம், பத்தாவதுல எங்களுக்கு நூறு பர்சன்ட் ரிசல்ட். ஒரு புள்ள ஃபெயிலானாலும் பேரு போயிரும். டி.சி. வாங்கிக்குங்க, நல்லபடியா எழுதித் தர்றோம்."

"ஒம்போதாவது புக்க நீங்க தொறக்கவே இல்லியே சார்!" என்று கத்திவிட்டேன்.

"எல்லாரும் அப்படித்தான் மேடம் நடத்துறாங்க."

அண்ணி, சுவரில் வரிசையாக மாட்டியிருந்த முதல் மதிப்பெண் பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். செலின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த மேஜையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்த செலின், ஆலப்பாக்கம் தாண்டியதும் வாயைத் திறந்தாள். "அமலி டீச்சர் என்ன சேத்துக்குவாங்களா?"

ஜூனில் பள்ளி திறந்த அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். முகம் சுளிக்கவில்லை, என்னைக் குத்திக்காட்டவும் இல்லை. "இந்த மாதிரி திரும்பி வர்ற புள்ளைங்க வருஷா வருஷம் உண்டு. பத்தாவதுல நல்ல மார்க் வாங்க வெச்சிடலாம். அந்த டாக்டர் ஒதுக்கீடுதான் ரீட்டா, போனது போனதுதான்" என்றார். ஒதுக்கீடு என்று ஒன்று இருந்ததே செலினுக்கு அப்போதுதான் தெரியும். கூட வந்திருந்த சவரியின் முகத்தையும் என் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

நான் ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தாள். பழைய சிநேகிதிகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"சிதம்பரத்துல என்ன கவர்மெண்ட்டுன்னு கூப்புட்டாங்கம்மா. இங்க மெட்ரிக்குன்னு கூப்புடுறாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு அவளே கேட்டாள்.

"உன்ன அங்க எப்பிடிக் கூப்புடுவாங்க?"

"ரீட்டான்னுதான்."

"பேரச் சொல்லியா?"

"ஆமா."

"அப்ப நீ அங்கயே இரும்மா" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.