முந்தானையில் போன வடை

போன வாரம் என் மனைவி செல்வி, ஆராய்ச்சி நடக்கும் ஒரு இடத்திலிருந்து வடை கடத்திவிட்டாள்.

சிரிக்காதீர்கள் பிள்ளைகளா, நிஜமாகத்தான். இரண்டு உளுந்து வடை, ஒரு லட்டு. முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, தருமபுரியிலிருந்து பாப்பாரப்பட்டி வரைக்கும் பஸ்ஸில் வந்தாள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்த எனக்கே தெரியாது. வாசனை வந்தது... முன் சீட்டில் யாரோ பலகாரம் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் வடைக்கு என்ன வேலை? அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன். கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் தாரணி, ஐந்தாம் வகுப்பு. அடிக்கடி இந்தப் பக்கத்துக்கு வந்து என் மானத்தை வாங்குகிறவள், உங்களுக்குத் தெரியும். இளையவன் கவின், எட்டு மாதம். அவன் பிறந்ததிலிருந்து செல்விக்கு ஒரே மறதி.

ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போடுவாள். மறுநாள் போடவே மாட்டாள். ஒரு நாள் செல்ஃபோனை அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிட்டு வீடெல்லாம் தேடினாள். நான் ரிங் கொடுத்தேன். அரிசி பாட்டுப் பாடியது!

இந்தக் கதை எங்கள் மாவு மில்லுக்குக் கேழ்வரகு அரைக்க வரும் முனியப்பன் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. அவர் காதுக்குப் போனால் ஊருக்கே போன மாதிரி.

“என்ன தம்பி, உன் வூட்டுக்காரம்மா புள்ளையோட சேத்து மூளையையும் வெளிய எடுத்து வெச்சிட்டாங்களாட்டம் இருக்குதே!”

மில்லில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். செல்வியும் சிரித்தாள். ஆனால் கூட்டம் கலைந்ததும் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஏங்க... எனக்கு நெசமாவே மண்டையில ஏதாச்சும் கெட்டுப் போயிருச்சுங்களா?”

அவள் கேட்ட விதத்தில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. என்ன பதில் சொல்வது? நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். கேழ்வரகு மாவு நைசாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுச் சொல்வேன். மூளையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

கவினுக்குத் தடுப்பூசி போடத் தருமபுரிக்குப் போன இடத்தில்தான் பதில் கிடைத்தது. அங்கே ஷபானா என்ற பெண், கைக்குழந்தையோடு வந்திருந்த அம்மாக்களிடம் ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டிருந்தார். தருமபுரிக்காரர்தான். அப்பாவுக்குப் பாத்திரக் கடை. மகள் மூளையைப் பற்றிப் படித்து, இப்போது பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறார்.

“அக்கா, எங்க ஆராய்ச்சிக்கு உங்க மூளை வேணுங்க்கா.”

“என் மூளையா?” செல்வி பயந்து ஒரு அடி பின்னால் போனாள்.

“ஐயோ, கழட்டித் தர வேணாம்! நீங்க வந்து சாப்பிட்டு, கொஞ்ச நேரம் அட்டை விளையாட்டு விளையாடினாப் போதும்.”

“நான் எட்டாவதுதாங்க படிச்சிருக்கேன். அதுவும் இப்ப எல்லாமே மறந்து போவுது...”

ஷபானா சிரித்தார். “சரி, தம்பி கடைசியா எப்ப பால் குடிச்சான்?”

செல்வி யோசிக்கவே இல்லை. எப்போது குடித்தான், எந்தப் பக்கம் குடித்தான், எவ்வளவு நேரத்தில் தூங்கினான், போன ஊசிக்குக் காய்ச்சல் எப்போது விட்டது என்று கடகடவென்று ஒப்பித்தாள்.

“பாத்தீங்களா? உப்பைத்தான் மறக்கறீங்க. இவனை மறக்கலையே!”

பிறகு விளக்கிச் சொன்னார். ஒரு பெண் கர்ப்பமாக இருக்கும்போதே அவளுடைய மூளை மாறத் தொடங்கிவிடுகிறதாம். சில இடங்கள் கொஞ்சம் சுருங்கக்கூடச் செய்யுமாம். சுருங்கினால் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, குழந்தையைக் கவனிப்பதற்காகத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்று நினைக்கிறார்களாம்.

எனக்குச் சட்டென்று என் மில் ஞாபகம் வந்தது. அரைக்கும் கல் மழுங்கிவிட்டால் உளி வைத்துக் கொத்துவோம். கொத்தினால் கல்லின் எடை குறையும். ஆனால் மாவு நைசாக விழும்! இது மாதிரியா என்று ஷபானாவிடம் கேட்டேன். “கிட்டத்தட்ட அப்படித்தான் அண்ணா. முழுசா யாருக்கும் தெரியாது, அதுக்குத்தான் ஆராய்ச்சி” என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறாரே... எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவர்கள் பார்ப்பது இதுதான். கைக்குழந்தைக்காரி என்ன சாப்பிடுகிறாள்? வயிறு நிறைந்திருந்தால் அவளுக்கு ஞாபகமும் கவனமும் எப்படி இருக்கிறது, நிறையாவிட்டால் எப்படி இருக்கிறது? அதற்காக ஒரு தட்டு நிறைய இட்லி, வடை, லட்டு, பழம் எல்லாம் வைத்து எடை போடுவார்கள். போதும் போதும் என்னும் வரை சாப்பிடலாம். மிச்சத்தைத் தட்டிலேயே விட்டுவிட வேண்டும், மறுபடி எடை போடுவார்கள். அப்புறம் அட்டை விளையாட்டு.

இதைத் தருமபுரியிலேயே ஓர் இடம் பிடித்து நடத்தினார்கள். செல்வி போனாள். சாப்பிட்டாள். விளையாடினாள். வீட்டுக்கு வந்து முந்தானையை அவிழ்த்தாள்... உளுந்து வடை என்றால் தாரணிக்கு உயிர். ஸ்கூல் பையைக்கூடக் கழற்றாமல் கடித்தாள். இரண்டாவது கடியில் நிறுத்திவிட்டாள்.

“அம்மா, நீ சாப்பிட்டதை எடை போட்டாங்கன்னு சொன்ன இல்ல?”

“ஆமா. தட்டு வெக்கறதுக்கு முன்ன ஒருதரம், எடுத்த பின்ன ஒருதரம்.”

“அப்ப இந்த வடை உன் வயித்துல இருக்குதுன்னு இல்ல அவங்க எழுதியிருப்பாங்க?”

செல்வி மிச்சமிருந்த வடையையும் லட்டையும் கையில் எடுத்துப் பார்த்தாள்.

நான் சமாதானம் சொன்னேன். “விடு புள்ள. ரெண்டு வடையில விஞ்ஞானம் கவுந்துடாது.”

“அது எப்படீங்க? நான் அரை வயித்தோட போயி விளையாடியிருக்கேன். அவங்க நெறஞ்ச வயிறுன்னு எழுதியிருக்காங்க. நாளைக்கு இத வெச்சு எவளோ ஒரு கைக்கொழந்தக்காரிக்கு, இவ்ளோ சாப்பிட்டாப் போதும்னு சொல்லிட்டாங்கன்னா?”

பிள்ளைகளா, இந்த யோசனை எனக்கு வரவில்லையே!

“சொன்னா உன்னைய நீக்கிருவாங்க” என்றேன்.

“தெரியும்” என்றாள். அவள் ஆசை எனக்குத் தெரியும். அவளுடைய மூளை வேண்டும் என்று இதுவரைக்கும் யாராவது அவளைக் கூப்பிட்டிருக்கிறார்களா? அதை விட்டுவிட யாருக்குத்தான் மனசு வரும்?

ஆனாலும் ஃபோனை எடுத்தாள். ஷபானாவிடம் வடையையும் லட்டையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

“அன்னிக்கு எடுத்த கணக்கு இனி செல்லாதுங்க்கா” என்றார் ஷபானா மெதுவாக. “உங்கள வெச்சுக்கலாமா வேணாமான்னு எங்க மேடத்தைக் கேட்டுத்தான் சொல்லணும்.”

மறுநாள் பதில் இல்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. செல்வி ஃபோனை அரிசி டின்னில் வைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தாள்.

இந்த நேரம் பார்த்து முனியப்பன் அண்ணன் கேழ்வரகோடு வந்து சேர்ந்தார்.

“மூளையக் குடுத்துட்டு வடை வாங்கியாந்தீங்களாமே!”

செல்வி இந்தத் தடவை சிரிக்கவில்லை. “அண்ணா, உங்க வூட்ல அக்கா காத்தால எத்தன மணிக்குச் சாப்புடறாங்க?”

“அவளா? அது... நான் சாப்பிட்டுக் காட்டுக்குப் போனப்புறம்...”

“சாப்புடறாங்களா?”

“சாப்பிடுவா... சாப்பிடாம என்ன...”

“என்ன சாப்பிடுவாங்க?”

முனியப்பன் அண்ணன் விட்டத்தைப் பார்த்தார்.

“எனக்காச்சும் உப்புத்தாண்ணா மறந்து போவுது” என்றாள் செல்வி.

மில் அதிர்ந்தது. மாவு வாங்க வந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் மெஷின் சத்தமே கேட்கவில்லை. அண்ணனும் தலையைத் தடவிக்கொண்டு சிரித்துவிட்டார். நல்ல மனுஷன்.

அன்று சாயங்காலம் ஃபோன் வந்தது. செல்வி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அக்கா, நீங்க சொன்னப்புறம் வந்தவங்க எல்லாருக்கும் ஃபோன் பண்ணிக் கேட்டோம். திட்ட மாட்டோம், உண்மைய மட்டும் சொல்லுங்கன்னோம். நெறையப் பேரு எடுத்துட்டுப் போயிருக்காங்க! ஒருத்தங்க ஹேண்ட்பேக்ல, ஒருத்தங்க குழந்தையோட துணிப்பைக்குள்ள. நீங்க சொல்லலைன்னா எல்லாமே தப்புத் தப்பாப் போயிருக்கும். மேடம் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க. திரும்பவும் வர்றீங்களா?”

செல்வி வாயைத் திறப்பதற்குள் தாரணி ஃபோன் பக்கம் குனிந்து, “வருவாங்க!” என்று கத்தினாள்.

“ஆனா ஒரு பிரச்சினைங்க்கா” என்றார் ஷபானா. “எடுத்துட்டுப் போவாதீங்கன்னு சொன்னாலும், வூட்ல இருக்கற புள்ளைங்கள நெனச்சு யாரும் ஒழுங்காச் சாப்பிட மாட்டாங்களாட்டம் இருக்குது. என்ன பண்ணினா நீங்க வயிறு நெறயச் சாப்பிடுவீங்க?”

இதற்குச் செல்வியே பதில் சொன்னாள். “புள்ளைங்க பங்கை மொதல்ல கட்டிக் கையில குடுத்துருங்க. அப்புறம் தட்டை வைங்க.”

இந்தத் திங்கட்கிழமை மறுபடியும் தருமபுரி. நான் கவினைத் தூக்கிக்கொண்டு வெளியே வராந்தாவில் நின்றேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே வரிசையாக அம்மாக்கள். ஒவ்வொருவர் மடியிலும் வாழை இலையில் மடித்த ஒரு பார்சல். அதை வைத்துவிட்டுத்தான் தட்டு வைத்தார்கள். அந்த யோசனை யாருடையது தெரியுமா என்று வராந்தாவில் நின்ற ஒரு அப்பாவைப் பிடித்துச் சொன்னேன். அவர் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். இன்னொருவரிடமும் சொன்னேன்.

செல்வி பார்சலை ஒரு கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். அவசரமே இல்லை. வடையைச் சட்னியில் முக்கி, ஆற அமரத் தின்றாள். தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டாள் –

“இன்னும் ரெண்டு இட்லி கிடைக்குங்களா? கொஞ்சம் சட்னியும்.”

கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில், செல்வி தனக்கென்று இன்னொரு தரம் கேட்டு நான் பார்த்ததில்லை. கவினை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் கத்தினான். உள்ளிருந்து அவள் திரும்பிப் பார்த்தாள் – சரி, அந்த மூளை அப்படித்தான் – நான் கையைக் காட்டி, நீ சாப்பிடு என்றேன். சாப்பிட்டாள்.

அட்டை விளையாட்டில் எப்படி விளையாடினாள்? முடிவெல்லாம் வர நாளாகுமாம், இப்போது சொல்லக் கூடாதாம். பரவாயில்லை. எட்டாவது படித்த என் மனைவி, விஞ்ஞானிகள் ஒரு தப்பைத் திருத்திக்கொள்ள உதவியிருக்கிறாள். அந்த முடிவு எனக்கு வந்துவிட்டது.

சாப்பிட்டு முடித்ததும் ஷபானா தட்டை வாங்கினார். அதில் ஒரு துணுக்குகூட இல்லை, துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஷபானா செல்வியைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த வெறும் தட்டைக் கொண்டுபோய்த் தராசில் வைத்தார்.

விஞ்ஞானம் அப்படித்தான் பிள்ளைகளா... மனசார நம்பினாலும், ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிடும்!