மோனிஷாவை இரண்டு தடவை கூப்பிட்டேன்

போன வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு நான் எங்கள் கல்லூரி வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிட்டு. வெளியே, லவ்டேல் பக்கத்து மைதானம் ஒன்றில், எங்கள் பெண்கள் கால்பந்து அணி லீக்கின் முதல் மேட்ச்சை விளையாடிக்கொண்டிருந்தது. அணியோடு போன பொறுப்புப் பேராசிரியர் நான்தான். மைதானத்தில் நிற்க வேண்டிய ஆளுக்கு வேனுக்குள் என்ன வேலை?

என்னை அங்கே அனுப்பியது ஓர் இருபத்து மூன்று வயதுப் பெண். அனுப்பியது நியாயம்தான். அதைச் சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் மனசு லேசாகும்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும், நான் குன்னூரில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுக்கிறவன். கூடவே விளையாட்டுக் கமிட்டியின் தலைவர். தகுதி? மாணவனாக இருந்தபோது கல்லூரி அணியில் மூன்று வருஷம் ரிசர்வ் கோல்கீப்பர். மூன்று வருஷமும் பெஞ்ச். மேட்ச்சில் ஒரு பந்தைக்கூடப் பிடித்ததில்லை. ஆனால் பேச்சு மட்டும் உலகக்கோப்பை லெவலில் இருக்கும்!

போட்டிக்கு இரண்டே வாரம் இருக்கும்போது எங்கள் டீம் கோஆர்டினேட்டர் வேலையை விட்டுவிட்டார். கோயம்புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நல்ல இடம் கிடைத்துவிட்டதாம். சந்தோஷமாகப் போய்ச் சேர்ந்தார். பயிற்சி கொடுப்பது, ஆட்டத்தின்போது கோட்டோரம் நின்று அணியை நடத்துவது எல்லாமே அவர்தான். மிச்சம் இருந்தது அவருடைய அசிஸ்டன்ட் சுகன்யா.

சுகன்யா வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஜெகதளா பக்கம் தேயிலை எஸ்டேட் லைனில் வீடு. அம்மா கொழுந்து பறிக்கிறார். பந்துக்குக் காற்றடிப்பது, சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவது, ஜெர்சியை எண்ணிக் கொடுப்பது, யாருக்காவது கால் பிசகினால் ஸ்ப்ரே அடிப்பது... இதுதான் அவள் வேலை. ஒரு மேட்ச்சைக்கூடத் தனியாக நடத்தியதில்லை.

"அனுபவம் உள்ளவங்க யாரையாவது கீழ இருந்து கூப்பிடுங்க" என்றார் பிரின்சிபால் மேடம். நான்கு பேருக்கு போன் போட்டேன். ஒருவர், "மேல ரொம்பக் குளிருமே சார்" என்றார். இன்னொருவர் ரூமில் ஹீட்டர் உண்டா என்று கேட்டார். மற்ற இருவரும் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆள் கிடைக்காததால்தான் சுகன்யாவின் பெயரைச் சொன்னேனா? பாதி அப்படித்தான். மீதிப் பாதிக்கு ஒரு காரணம் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் மைதானத்துப் பக்கம் போனேன். மிஸ்ட் இறங்கி இருபதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வழக்கமாக அந்த நேரத்தில் பயிற்சியை மூட்டை கட்டிவிடுவார்கள். அன்று உள்ளே பந்து உதைபடும் சத்தம் கேட்டது. கூடவே சுகன்யாவின் குரல். "ஆர்த்தி!" கொஞ்சம் கழித்து, "மோனிஷா! மோனிஷா!" அப்புறம் மறுபடி ஒற்றையாக, "ஆர்த்தி!"

"என்னம்மா, அட்டெண்டன்ஸ் எடுக்கிறியா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க சார். டிஃபன்ஸுக்குச் சொல்லிக்குடுக்கிறேன். பேரை ஒரு தடவை கூப்பிட்டா முன்னாடி ஏறணும். ரெண்டு தடவை கூப்பிட்டா பின்னாடி எறங்கணும். மிஸ்ட்டுல கை காட்டுனா தெரியாதுங்களே?"

"எந்தப் புத்தகத்துல படிச்ச?"

"புத்தகமெல்லாம் இல்லீங்க சார். எங்க எஸ்டேட்ல மிஸ்ட் எறங்குனா சூப்பர்வைசர் இப்படித்தான் கூப்பிடுவாரு. ஒரு தடவை கூப்பிட்டா அப்படியே மேல பறிச்சுட்டுப் போகலாம். ரெண்டு தடவை கூப்பிட்டா காட்டெருமை நிக்குதுன்னு அர்த்தம். கூடையோட திரும்பிரணும். எங்கம்மா இன்னைக்கும் ரெண்டு தடவை பேரைக் கேட்டா நின்ன எடத்துல நிக்காது."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. மறுநாளே பிரின்சிபாலிடம் போய் நின்றேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எட்டு மாச அனுபவம். நீங்க பொறுப்பு ஏத்துக்கறீங்களா?"

"ஏத்துக்கறேன் மேடம்."

"சரி, முதல் மேட்ச் முடியட்டும். டிஃபன்ஸ் ஓட்டையா இருந்துச்சுன்னா அந்தப் பொண்ணு பழைய வேலைக்கே போயிரட்டும். நல்லா வந்தா கோஆர்டினேட்டரா ஆர்டர் போட்டுடலாம்."

வெளியே வந்து சுகன்யாவிடம் சொன்னேன். "வீட்டுல இப்போதைக்குச் சொல்ல மாட்டேங்க சார். ஆர்டர் வரட்டும்" என்றாள்.

அடுத்த பத்து நாளும் நான் பட்ட பாட்டை என் மனைவியைத்தான் கேட்க வேண்டும். சாப்பாடு இறங்கவில்லை. லேபில் ஆசிட் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு ஆஃப்சைடு பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். இந்தப் பெண் சொதப்பிவிட்டால்? சின்னப் பெண்ணை மேலே தூக்கிவிட்டு, எல்லார் முன்னாலும் கீழே இறக்கிய பாவம் யாருக்கு? தினமும் மைதானத்துக்குப் போய், "எல்லாம் ஓகேவா?" என்று கேட்பேன். "ஓகேதாங்க சார்" என்பாள். ஏழாவது நாள் அவளுக்கே பொறுக்கவில்லை. "சார், நீங்க கேக்க கேக்கத்தான் எனக்குப் பயமா வருது" என்றாள்.

வியாழக்கிழமை வந்தது. எதிரணி கீழே சமவெளியிலிருந்து வந்தவர்கள். வெயிலில் ஓடிப் பழகிய பிள்ளைகள், நல்ல வேகம். அவர்களின் ஒன்பதாம் நம்பர் ஒரு நெட்டைப் பெண், காலில் பந்து பட்டால் விடவே மாட்டாள். அரை மணி நேரம் எங்கள் டிஃபன்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அப்புறம் மிஸ்ட் இறங்கியது. நடுவில் நிற்கும் ரெஃப்ரிக்கு இரண்டு பக்கத்து கோல் போஸ்ட்டும் நிழலாகவாவது தெரிகிறவரை ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள். கீழிருந்து வந்தவர்கள் தடுமாறினார்கள். எங்கள் பிள்ளைகள் சுகன்யாவின் குரலைப் பிடித்துக்கொண்டு ஜம்மென்று ஆடினார்கள். இனிமேல் ஆட்டம் நம் கையில் என்று நினைத்தேன்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், என் பக்கத்து மிஸ்ட் லேசாக விலகியது. பார்க்கிறேன்... மோனிஷாவின் முதுகுக்குப் பின்னாலேயே அந்த நெட்டைப் பெண் தனியாக நிற்கிறாள்!

சுகன்யா அதை எனக்கு முன்பே பார்த்திருக்கிறாள். "மோனிஷா! ஆர்த்தி! ஷீபா! கௌரி!" என்று நான்கு டிஃபண்டர்களையும் ஒவ்வொரு தடவை கூப்பிட்டாள். நால்வரும் சேர்ந்தாற்போல் முன்னால் ஏறிவிட்டால் அந்த ஒன்பதாம் நம்பர் ஆஃப்சைடில் மாட்டிக்கொள்வாள். அப்புறம் கோல் அடித்தாலும் செல்லாது. அழகான திட்டம்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பதற்றத்தில் தொண்டை கிழியக் கத்தினேன்.

"மோனிஷா! மோனிஷா! பின்னாடி ஆளு!"

மூன்று பேர் முன்னால் ஏறினார்கள். மோனிஷா மட்டும் சொல்லிக்கொடுத்தபடி பின்னால் இறங்கினாள். இறங்கியதால் ஆஃப்சைடு போச்சு. பந்து வந்தது. நெட்டைப் பெண் நிதானமாகத் தட்டிவிட்டாள். கோல்.

சுகன்யா என்னிடம் நடந்து வந்தாள். கோபமாக வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"சார்... ரெண்டு தடவை கூப்பிட்டுட்டீங்க."

"நான் சும்மா உஷார் பண்ணலாம்னுதான்மா..."

"ஒண்ணு நீங்க கூப்பிடுங்க, இல்ல நான் கூப்பிடறேன். ரெண்டு பேரும் கூப்பிட்டா புள்ளைங்க என்னங்க சார் பண்ணும்? ப்ளீஸ், வேன்ல உக்காந்துக்கங்க."

போய் உட்கார்ந்தேன். டிரைவர் சிவராஜ் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்தார். "ஏனுங்க சார், பிளாஸ்க்குல டீ இருக்குது. குடிக்கிறீங்களா?" என்றார். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கண்ணாடிக்கு வெளியே ஒரே வெள்ளை. சுகன்யாவின் குரல் மட்டும் கேட்டது. ஒற்றைப் பெயர், இரட்டைப் பெயர், மறுபடி ஒற்றை. இரண்டாம் பாதியில் ஒரு பெரிய கூச்சல் எழுந்தது.

"கோலா சிவராஜ்? யாருக்கு?"

"எனக்கென்னுங்க தெரியும்? நானும் உங்ககூடத்தானே இருக்கறேன்!"

கோல் இல்லை, பந்து கம்பியில் பட்டிருக்கிறது. எங்கள் கோல் கம்பியா, அவர்களுடையதா என்பதுகூட எனக்கு ஆட்டம் முடிந்துதான் தெரிந்தது. அவர்களுடையது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றிருந்தோம். சுகன்யா தனியாக நடத்திய நேரம் முழுக்க எங்களுக்கு ஒரு கோல்கூட விழவில்லை.

திரும்பி வரும்போது மோனிஷா பின் சீட்டில் தேம்பித் தேம்பி அழுதாள். "என்னாலதான்க்கா... நான்தான் எறங்கிட்டேன்." சுகன்யா அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். கேத்தி தாண்டியது, அரவங்காடு தாண்டியது, நான் திறக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணக்கு மனதில் ஓடியது. மிஸ்ட்டுக்குள் யார் கத்தினார்கள் என்று யாருக்குத் தெரியும்? ரெஃப்ரியின் தாளில் கோல் விழுந்த நிமிஷம்தான் இருக்கும். கத்தினவன் பெயர் இருக்காது. மைதானத்தில் கேட்காமலே அப்படிக் கத்திய வாய், வேனில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மறுநாள் காலை பிரின்சிபால் அறை. சுகன்யா என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"டிஃபன்ஸ்ல ஆளே இல்லாம கோல் விழுந்துச்சாமே?" என்றார் மேடம்.

"ஆமாங்க மேடம்" என்றாள் சுகன்யா. அவ்வளவுதான். என் பெயரை எடுக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. பழைய வேலைக்குத் திரும்பத் தயாராகி வந்திருக்கிறாள் என்பது அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"மேடம், அந்த கோல் என்னால விழுந்தது" என்றேன். முழுவதையும் சொன்னேன். ஒற்றைப் பெயர், இரட்டைப் பெயர், காட்டெருமை வரைக்கும். மேடம் பேப்பர் வெயிட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"அப்போ ஓட்டை டிஃபன்ஸ்ல இல்ல" என்றார். "சுகன்யா, ஆர்டர் டைப் பண்ணச் சொல்றேன். சாரை என்ன பண்றதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

வெளியே வந்ததும் சுகன்யா ஓரமாகப் போய் யாருக்கோ போன் போட்டாள். "அம்மா" என்பது மட்டும் எனக்குக் கேட்டது.

நேராக மோனிஷாவின் கிளாசுக்குப் போய் அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண் சொன்னதுதான் இன்னும் காதிலேயே இருக்கிறது. "சார் குரல்னு அப்பவே தெரிஞ்சுது சார். அக்கா ஒரு தடவைதான் கூப்பிட்டாங்கன்னும் தெரியும். ஆனா சார் கூப்பிட்டா எப்படி சார் கேக்காம இருக்கிறது?"

ஆபீசிலும் வீட்டிலும் நாம் செய்வது இதைத்தானே? சின்னவர்களுக்குப் பொறுப்பைக் கொடுக்கிறோம். கைதட்டுகிறோம். பிறகு பக்கத்திலேயே நின்று கத்துகிறோம். நம் குரலுக்குப் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள் என்பது நமக்கு ஞாபகமே வருவதில்லை.

அடுத்த மேட்ச் வருகிற செவ்வாய்க்கிழமை. இந்தத் தடவையும் வேன்தானா என்று பயந்துகொண்டே கோஆர்டினேட்டர் மேடத்தைக் கேட்டேன்.

"அசிஸ்டன்ட் எடம் காலியாத்தானுங்க சார் இருக்குது" என்று சொல்லி, காற்றடிக்கும் பம்பை என் கையில் கொடுத்தாள் சுகன்யா.

மூன்று நாளாகப் பழகுகிறேன்... எட்டு மாத அனுபவம் இல்லாமல் இந்த வேலை வராது போலிருக்கிறது!